பாவும் ஊடையும் ஓலையும்: கைவழி அறியப்படும் வரலாறு

தமிழக முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கடலிலிருந்தே தொடங்குகின்றனர். மரக்கலம், குதிரை வாணிகம், முத்துக்குளிப்பு, காயல், கீழக்கரை, நாகூர், பழவேற்காடு என்று அவ்வரலாறு துறைமுகம் துறைமுகமாக நடக்கிறது. அக்கலங்களை ஓட்டியவர் யார், வாங்கியவர் யார், விற்றவர் யார் என்பனவெல்லாம் ஓரளவு ஆராயப்பட்டுள்ளன. ஆனால் அக்கலங்களில் ஏற்றப்பட்ட துணியையும் பாயையும் பெட்டியையும் ஆக்கிய கைகள் யாருடையவை என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. எழுப்பப்பட்டாலும், சான்று இல்லை என்று ஒரே வரியில் ஒதுக்கப்படுகிறது. சான்று இல்லாமல் இல்லை. அது ஏட்டில் இருப்பதைவிடக் கையில் மிகுதியாக இருக்கிறது என்பதே உண்மை. நூற்றல், நெய்தல், முடைதல், சாயமிடுதல் ஆகிய தொழில்களின் வரலாற்றை அத்தொழில்களைச் செய்துபார்த்தே கற்கும் செய்முறைப் பயிலரங்குகள் பற்றி இங்கு எழுத முற்படுவதன் காரணமும் அதுவே.

இத்தகைய பயிலரங்கு நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தென்னிந்தியக் கைவினைஞர்கள் பார்வையாளர் முன்னிலையில் தொழில் செய்து காட்டுகின்றனர். மாணவர்கள் தம் கையாலும் செய்துபார்க்கின்றனர். காரைக்குடியில் ஓர் அறக்கட்டளை, செட்டிநாட்டு வீடுகளில் வழக்கொழிந்து கொண்டிருந்த ஓலைக் கொட்டான் பின்னலை, அதனை அறிந்திருந்த முதிய பெண்களிடமிருந்து மீட்டெடுத்து, இளம்பெண்களுக்குப் பயிற்றுவித்தது. துருக்கியில் 1981 அளவில் தொடங்கிய டோபாக் என்னும் திட்டம் இவ்வகையில் சிறந்த எடுத்துக்காட்டு. ஹரால்ட் போமர் என்ற செருமானிய வேதியியல் ஆசிரியர் பழைய அனத்தோலியக் கம்பளங்களின் சாயங்களைப் பகுத்தாய்ந்து, எந்தச் செடியின் எந்தப் பகுதியிலிருந்து அவை பெறப்பட்டன என்று கண்டறிந்தார். பிறகு அவ்வறிவை எந்தக் கிராமங்கள் மறந்திருந்தனவோ அந்தக் கிராமங்களுக்கே திருப்பிக் கொடுத்தார். நெசவுப் பெண்களே உறுப்பினராக அமைந்த கூட்டுறவு அதிலிருந்து பிறந்தது. ஆய்வுக்கூடமும் தறியும் ஒன்றையொன்று கற்பித்த நிகழ்ச்சி அது.

நம் கவனம் இங்கு ஆரணியாற்றின்மீது. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊத்துக்கோட்டையை, 1996 முதல் கிருஷ்ணா நதிநீர் தமிழகத்துக்குள் நுழையும் இடமாகவே இன்று பலரும் அறிவர். ஆனால் அவ்வூருக்குப் பழைய நீரும் உண்டு. பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்திலிருந்து வரும் ஆரணியாறு ஊத்துக்கோட்டையைக் கடந்து, பெரியபாளையம், பொன்னேரி வழியே பழவேற்காட்டுப் பகுதியில் கடலை நோக்கிச் செல்கிறது. மேற்கே அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு எனத் தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள். கிழக்கே பனையோலை முடையும் பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள். வடக்கே தெலுங்கு நாட்டில் பஞ்சு கொட்டுதலையே குலத்தொழிலாகக் கொண்டிருந்த தூதேகுல முஸ்லிம்கள். நாரும் நூலும் சார்ந்த மூன்று தொழில்களுக்கு நடுவே ஊத்துக்கோட்டை அமைந்திருக்கிறது. இவ்வூரின் இளைஞர்களும் இளம்பெண்களும் விடியலில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பேருந்தேறுகின்றனர். அவர்களுள் எத்தனை பேருக்கு, தாம் உடுத்தும் கைலியின் கட்டத்துக்கும் தம் ஆறு சென்று சேரும் ஊருக்கும் உள்ள தொடர்பு தெரிந்திருக்கும்?

அத்தொடர்பைச் சற்று விரித்துக் கூறுவது பொருந்தும். மலாய் மக்கள் தொழுகைக்கும் வீட்டுக்கும் உடுத்தும் கட்டமிட்ட சாரத்துக்குக் 'காயின் பெலேக்காட்' என்று பெயர். 'காயின்' என்றால் துணி. 'பெலேக்காட்' என்பது பழவேற்காடு. ஊரின் பெயர் உடையின் பெயராகி, அவ்வுடை ஒரு பெருஞ்சமுதாயத்தின் வழிபாட்டு உடையுமாகியிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையைப் பற்றி எழுதிய போர்ச்சுகீசியரான துவார்த்தே பர்போசா, பழவேற்காட்டில் முஸ்லிம் வணிகர் இருந்ததையும், அங்கிருந்து மலாக்கா, பெகு, சுமத்ரா ஆகிய இடங்களுக்குத் துணி சென்றதையும் குறித்துள்ளார். டச்சுக்காரர் 1610இல் விசயநகர மன்னரிடம் உரிமை பெற்று, 1613இல் அங்கு கெல்திரியா கோட்டையை எழுப்பினர். அவர்களுக்கு வேண்டியது இவ்வூரன்று. மொலுக்கஸ் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும். அத்தீவினர் காசைவிடச் சோழமண்டலத் துணியையே விரும்பினர். துணி இல்லையேல் வாசனைப் பொருள் இல்லை என்ற நிலையில், பழவேற்காடு 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடமாக விளங்கியது. பின்னர் நாகப்பட்டினம் அவ்விடத்தைப் பெற்றது. 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

துணியின் பெயர் கிழக்கே மட்டும் செல்லவில்லை. கட்டமிட்ட கைக்குட்டைத் துணிக்கு ஆங்கிலத்தில் 'புல்லிக்கேட்' என்றே பெயர் வழங்கியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் தறிகளிலும் அப்பெயரிலேயே அதனைப் போலச் செய்து நெய்தனர். மூலத்தைப் போலச் செய்தவர், மூலத்தின் பெயரையும் எடுத்துக்கொண்டனர். மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்களுக்குச் சென்னைக் கைக்குட்டை எனப்பட்ட இத்துணி பிறப்பு முதல் இறப்பு வரை சடங்குத் துணியாயிற்று. அவர்கள் நெய்த துணியின் சில இழைகளை மட்டும் அறுத்து நீக்கி, கட்டத்துக்குள் வேறொரு கோலத்தை உண்டாக்கினர். நெய்தவர் அறியாத அழகொன்றை உடுத்தியவர் அதில் கண்டனர். நம் வடக்கே சீராலாவில் எண்ணெயூட்டிய நூலால் முடிச்சுச் சாயமிட்டு நெய்யப்பட்ட 'தேலியா ருமால்' அரபு நாடுகளுக்குத் தலைத்துணியாகச் சென்றது.

இக்கட்டங்களைப் பற்றி ஒரு கருத்து அடிக்கடி கூறப்படுகிறது: உருவங்களை இஸ்லாம் விலக்கியதால் முஸ்லிம்களுக்கென்று கட்டத்துணி உருவாயிற்று என்பது. நமக்கு இதில் உடன்பாடில்லை. தறியில் ஒரு நாள் அமர்ந்தவருக்கும் உடன்பாடிராது. சாயமிட்ட நூலைப் பாவில் வண்ணம் மாற்றி அடுக்கினால் கோடு வரும். ஊடையிலும் அவ்வாறே மாற்றினால் கட்டம் வரும். எழுதுகோலோ அச்சுக்கட்டையோ வேண்டாம். தறி தானாகத் தரும் அழகு அது. உருவ விலக்கத்தால் அத்துணிக்கு முஸ்லிம் நாடுகளில் தடையில்லாச் சந்தை கிடைத்திருக்கலாம், பிறப்பிடம் தறியே.

கைவழிக் கல்வியின் பயன் இங்கேதான் தொடங்குகிறது. ஏட்டில் ஒரு வரியாக இருப்பது கையில் ஒரு வாரமாக விரிகிறது. எடுத்துக்காட்டாக நூலின் எண்ணைக் கொள்வோம். 840 கெஜ நூல் ஓர் இராத்தல் எடை இருந்தால் அது 1ஆம் எண் நூல். 40ஆம் எண் நூலில் ஓர் இராத்தலுக்கு 33,600 கெஜம். கைராட்டையில் தேர்ந்த ஒருவர் மணிக்கு 300 கெஜம் நூற்பதாகக் கொண்டால், ஓர் இராத்தலுக்கு 112 மணிநேரம் வேண்டும். நாளுக்கு எட்டு மணி வீதம் பதினான்கு நாள். இது நூற்றலுக்கு மட்டும். பஞ்சு எடுத்தல், கொட்டை நீக்கல், வில்லால் அடித்துப் பஞ்சைப் பிரித்தல், திரி உருட்டல் ஆகியவை இதற்கு முன்பு; கஞ்சி போடுதல், பாவு ஓடுதல், நெய்தல் ஆகியவை இதற்குப் பின்பு. ஒரு நெசவாளருக்கு நூல் தர நான்கு முதல் எட்டுப் பேர் வரை நூற்க வேண்டியிருந்தது என்று பொருளியல் வரலாற்று நூல்களில் படிக்கிறோம். பஞ்சுத் திரியை இடக்கையில் பிடித்துக் கதிரைச் சுழற்றி, முதல் ஒரு மணிநேரத்தில் ஐம்பது முறை நூல் அறுந்த மாணவருக்கு அக்கணக்கு வேறுவிதமாகப் புரியும். கோட்டை வாயிலில் கட்டி வைக்கப்பட்ட துணி மூட்டைகளின் பின்னே எத்தனை ஊர்களின் எத்தனை பெண்கள் இருந்திருக்க வேண்டும் என்று அவர் தாமே கேட்கத் தொடங்குவார். ஏற்றுமதிப் பதிவேடுகள் அப்பெண்களின் பெயரைச் சொல்லவில்லை. அவர்களின் உழைப்பை அளக்க மட்டும் நமக்கு வழியுண்டு.

தறியிலும் அப்படியே. 36 அங்குலச் சதுரக் கைக்குட்டைக்கு அங்குலத்துக்கு 60 இழை வீதம் பாவில் 2,160 இழைகள். ஒவ்வொன்றும் விழுதின் கண்ணில் கோக்கப்பட்டு, அச்சின் பல்லிடையே இழுக்கப்பட வேண்டும். ஊடையிலும் 2,160 முறை நாடா ஓட வேண்டும். கட்டம் சதுரமாக அமைய, ஊடை இழைகளை நெசவாளர் எண்ணிக்கொண்டே நெய்ய வேண்டும். ஒரு நிறத்தில் இரண்டு இழை கூடினாலும் ஓரத்தில் கோடு பொருந்தாது. இந்த எண்ணிக்கை வாயில் ஓடுகிறதா, காலில் ஓடுகிறதா என்று தேர்ந்த நெசவாளரைக் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. மிதி மாறும் தாளத்தில் எண்ணிக்கை கலந்திருக்கும். இவ்வறிவை எந்த நூலிலும் எழுதிவைக்க இயலாது. உஸ்தாதின் அருகே அமர்ந்தே பெற வேண்டும்.

ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இது நன்கு தெரிந்திருந்தது. ஐரோப்பாவில் சாயம் நிலைக்காமல் துவைத்தால் போய்விட்டது. இங்கிருந்து சென்ற துணியில் துவைக்கத் துவைக்கப் பொலிந்தது. அந்த மறையை அறிய அவர்கள் செய்த முயற்சிகள் பல. 1734 அளவில் அந்துவான் த பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் புதுச்சேரியில் ஒரு சாயக்காரர் முன் அமர்ந்து, ஒவ்வொரு படிநிலை முடிந்ததும் அத்துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, செய்முறையைப் பக்கத்தில் எழுதிவைத்தார். 1742இல் ஜெசூட் பாதிரியாரான கேர்து, தம்மிடம் கிறித்தவராகியிருந்த சாயக்காரர்களிடம் கேட்டறிந்தவற்றைக் கடிதமாக எழுதினார். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்தல், படிகாரத்தால் சாயம் பற்றும் இடங்களை வரைதல், சாயவேரில் காய்ச்சுதல், வெயிலில் வெளுத்தல் என நாள்கணக்கில் நீளும் செயல்வரிசை அது. பொலியூவின் துணித்துண்டுகள் இன்றும் பாரிசில் உள்ளன. செய்முறைப் பயிலரங்கு என்று நாம் இன்று சொல்வதன் முன்னோடி ஆவணம் என அதனைக் கொள்ளலாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அந்தப் பயிலரங்கில் கற்பித்தவரின் பெயர் எவருக்கும் நினைவில்லை.

மணற்பாங்கான கடற்கரை நிலத்தில் தோண்டி எடுக்கப்பட்ட அந்தச் சாயவேரின் கதை விரைவில் முடிந்துவிட்டது. 1868இல் செருமனியில் அலிசரின் என்னும் சிவப்புச் சாயம் செயற்கையாக உருவாக்கப்பட்டது. சில பத்தாண்டுகளுக்குள் வேர் தோண்டுதல் பயனற்ற தொழிலாயிற்று. இன்று பயிலரங்கில் சாயவேரைக் கொண்டு சிவப்பு ஏற்றிக் காட்டுவது அரிது. அவுரி எளிது, தொட்டியிலிருந்து பசுமஞ்சளாக வெளிவரும் துணி காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாவதைக் கண்டவர் மறப்பதில்லை. பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியதும் அதுவே என்பது நம் எண்ணம். வேதியியல் பாடத்தில் ஆக்சிசன் ஏற்றம் என்று மனனம் செய்தது அங்கு கண்முன் நிகழும்.

இனி ஓலைக்கும் கோரைக்கும் வருவோம். நம் சமுதாயத்தின் கைத்தொழில் வரலாற்றில் நூலைவிட இவற்றுக்கே நெருக்கம் மிகுதி. வந்தவாசிப் பகுதியிலும் நெல்லை மாவட்டத்துப் பத்தமடையிலும் பாய் முடைவோர் பெரும்பாலும் முஸ்லிம்களே. தமிழில் முஸ்லிம் ஆடவரை விளிக்கும் 'பாய்' இந்துஸ்தானியில் சகோதரன் என்ற பொருளுடையது. விரிக்கும் 'பாய்' தூய தமிழ். இரண்டும் ஒரே ஒலியில் வந்து கூடியது தற்செயல்தான். ஆனால் வந்தவாசித் தெருக்களில் அது தற்செயல் போலத் தோன்றுவதில்லை.

பத்தமடை லெப்பைமார் நெய்யும் நுண்பாய் உலகறிந்தது. தாமிரவருணிக் கரையில் விளையும் கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, நுணுக்கமாக வகிர்ந்து, வெயிலில் உலர்த்துவர். பின்னர் ஓடும் நீரில் பல நாள் ஊறவிடுவர். ஊறிப் பருத்த கோரை மீண்டும் உலர்ந்த பிறகே சாயத்துக்கும் தறிக்கும் தகுதி பெறும். தறி என்றால் நிமிர்ந்து நிற்கும் பெருந்தறியன்று. தரையோடு தரையாகப் பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாக இழுத்துக்கட்டி, கோரையை ஒவ்வோர் இழையாகக் கோலில் செருகி ஊடையாகச் செலுத்துவர். முரட்டுப் பாய் ஒரு நாளில் முடியும். 100 முதல் 140ஆம் எண் வரையான நுண்ணூல் பாவில் நெய்யும் பட்டுப்பாய்க்கு வாரக்கணக்கில் ஆகும். அப்பாயைத் துணிபோல மடித்துக் கைக்குள் வைக்கலாம். மணமக்கள் பெயரை நெய்து தரும் வழக்கமும் உண்டு. இந்நுண்பாயைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹஸன் பாவா லெப்பை என்பவர் உருவாக்கினார் என்று பத்தமடையினர் கூறுவர். 1953இல் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் பரிசாகச் சென்றதை இன்றும் பெருமையாகச் சொல்வர். புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. குறியீடு பெயரைக் காக்கும். கோரை வகிரும் விரலைக் காக்காது. நெகிழிப் பாயும் விசைத்தறிப் பாயும் சந்தையை எடுத்துக்கொண்ட பின்னர், அவ்விரலுக்குக் கிடைக்கும் கூலியே அதன் ஆயுளை முடிவு செய்கிறது.

இலங்கையின் கிழக்குக் கரையில் முஸ்லிம் பெண்கள் முடையும் பன்பாயும், மருதமுனைக் கைத்தறிச் சாரமும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கவை. அவற்றைத் தனிக்கட்டுரையில் எழுதுவதே முறை.

பழவேற்காட்டுப் பனையோலைத் தொழில் வேறுவகையானது. அதற்குத் தறி வேண்டாம். கத்தியும் கையும் போதும். முற்றிய ஓலை உதவாது. விரியாத குருத்தோலையே வேண்டும். அதை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, வேண்டியவற்றைக் கொதிக்கும் சாயத்தில் முக்கி எடுத்து, முடையும்போது சற்று ஈரமாக்கிக்கொள்வர். ஓலை ஒரே அகலத்தில் கிழிவதுதான் கலையின் பாதி. எஞ்சிய பாதி மூலையில் உள்ளது. தட்டையாகப் பின்னிக்கொண்டு வந்த அடிப்பகுதி பெட்டியின் சுவராக எழும் இடத்தில், எந்த ஓலை மேலே, எந்த ஓலை கீழே என்று சொல்லிக் கொடுப்பவரின் விரலைப் பார்த்தே அறிய வேண்டும். படம் வரைந்து விளக்க முற்பட்ட நூல்கள் சில உள. அவற்றைப் படித்து மூலை திருப்பியவர் எவரையும் நாம் கண்டதில்லை.

இத்தொழிலுக்கு நம் மரபில் உள்ள மதிப்பை நம்மவர் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 'கும்ரா' என்னும் சிறு ஓலைவிரிப்பில் தொழுததை அன்னை மைமூனா (ரலி) அறிவித்துள்ளார்கள். முகமும் உள்ளங்கைகளும் வைக்கும் அளவே உடைய, பேரீச்ச ஓலையால் முடைந்த விரிப்பு அது. அனஸ் (ரலி) அவர்களின் வீட்டில், பயன்பாட்டால் கறுத்திருந்த பாயில் நீர் தெளித்து அதன்மீது நாயகம் தொழுகை நடத்திய செய்தியும் ஹதீஸ் தொகுப்புகளில் உள்ளது. ஒரு பெண்மணி தம் கையாலேயே கரைவைத்து நெய்த மேலாடையை நாயகத்திடம் கொடுத்தார். அதை அவர்கள் அணிந்தார்கள். தோழர் ஒருவர் கேட்கவே கழற்றி அவருக்குக் கொடுத்தார்கள். அதுவே பின்னர் அவருடைய கஃபனாயிற்று என்று ஸஹ்ல் (ரலி) அறிவிக்கிறார்கள். மதாயின் நகரின் ஆளுநராக இருந்தபோதும் ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் பேரீச்ச ஓலை முடைந்து வாழ்ந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஒரு திர்ஹத்துக்கு ஓலை வாங்கி, முடைந்து மூன்று திர்ஹத்துக்கு விற்று, ஒன்றை அடுத்த ஓலைக்கும், ஒன்றைக் குடும்பத்துக்கும், ஒன்றைத் தர்மத்துக்கும் வைப்பார்களாம்.

திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயத்து 92ஆம் வசனம் உறுதிமொழியை முறிப்போரை, முறுக்கேற்றிய நூலைத் தானே பிரித்துவிடும் பெண்ணுக்கு ஒப்பிடுகிறது. உரைகளில் இவ்வுவமையைப் பலமுறை கேட்டிருப்போம். கதிரில் ஒரு முழ நூலை நூற்று, பின் அதை எதிர்ப்புறம் திருகிப் பார்த்தவருக்கே அதன் கூர்மை முழுமையாக விளங்கும். பஞ்சுக்கும் நூலுக்கும் பொருளில் வேறுபாடில்லை; முறுக்கு ஒன்றே வேறுபாடு. முறுக்கைப் பிரித்தால் நூல் அறுவதில்லை. வலிமையற்ற இழைகளாகக் கலைந்து, கையில் இழுக்க இழுக்க வந்துவிடும். பொருள் எதுவும் குறையாமல், செய்த உழைப்பு மட்டும் முழுவதும் இல்லாமற்போகும். மதரஸாவில் தஃப்ஸீர் பாடத்தருகே ஒரு ராட்டையையும் வைக்கலாம் என்று நாம் சொல்வது இதனாலேயே.

ஃபிக்ஹு அறிவும் நெசவறிவும் கைகோத்த இடமும் உண்டு. ஆண்களுக்குத் தூய பட்டு விலக்கப்பட்டதால், பட்டுப் பாவும் பருத்தி ஊடையும் கொண்டு 'மஷ்ரூ' என்னும் துணி நெய்யப்பட்டது. அனுமதிக்கப்பட்டது என்பதே அச்சொல்லின் பொருள். பாவு இழை பல ஊடைகளின்மேல் தாவிச் செல்லும் நெசவு முறையால் பட்டு முழுவதும் வெளிப்புறமும், பருத்தி முழுவதும் உடலைத் தொடும் உட்புறமும் அமையும். குஜராத்தின் பாட்டனிலும் மாண்டவியிலும் பேர்பெற்ற தொழில் அது. ஒரு சட்டத்தீர்ப்பு தறியில் மிதி மாற்றமாக வடிவெடுத்ததைச் சிறு மாதிரித்தறியில் அரைநாளில் செய்து காட்டலாம்.

இவ்வளவு இருந்தும் நம் வரலாற்றில் கைத்தொழிலாளர் ஏன் இடம்பெறவில்லை? ஒரு காரணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். திருமணத்தில் 'கஃபாஅத்' என்னும் பொருத்தம் பற்றி எழுதிய ஃபிக்ஹு நூல்கள், ஹனஃபி மத்ஹபிலும் ஷாஃபிஈ மத்ஹபிலும், தொழிலையும் ஓர் அளவாகக் கொண்டன. சில நூல்களில் நெசவாளர் வணிகருக்கு நிகராக எண்ணப்படவில்லை. அது அக்காலத்து நகரங்களின் வழக்கைப் பதிவு செய்தது, இறைவாக்கு அன்று. அவ்வழக்கு நம் ஊர்களிலும் வேரூன்றியது. கப்பலோட்டிய பாட்டனாரின் பெயர் குடும்பத்தில் நிலைக்கிறது. பாய் முடைந்த பாட்டியாரின் பெயர் நிலைப்பதில்லை. அல்ஹல்லாஜ் என்றால் பஞ்சு கொட்டுபவர் என்று பொருள் என்பதை மேடையில் கூறி மகிழ்வோர், தம் ஊரின் பஞ்சுகொட்டியின் வீட்டில் பெண் எடுக்கத் தயங்குவதை நாம் கண்டிருக்கிறோம்.

பயிலரங்குகளின் குறையையும் சொல்லிவிடுவது நேர்மை. நகரங்களில் இரண்டு மணிநேரப் பொழுதுபோக்காக நடத்தப்படுவனவற்றில் ஓலை முன்பே கிழிக்கப்பட்டிருக்கும். சாயம் முன்பே ஏற்றப்பட்டிருக்கும். மூலை திரும்பும் கட்டத்தில் கைவினைஞரே வாங்கி முடித்துக் கொடுத்துவிடுவார். வந்தவர் ஒரு சிறு பெட்டியோடு மகிழ்ந்து செல்வார். அதில் தவறில்லை, ஆனால் அதற்கு வரலாறு கற்றல் என்று பெயரிடலாகாது. ஊறவைத்தல், உலர்த்தல், காத்திருத்தல், பிழைத்துப் பிரித்துத் திரும்பப் பின்னுதல் ஆகியவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது அலங்காரம் மட்டுமே. மற்றொன்று, கற்பிக்கும் பெண்ணை அங்கு காட்சிப் பொருளாக அமர்த்தி, விளக்கம் சொல்லும் பொறுப்பைப் படித்த வேறொருவரிடம் கொடுப்பது. ஹதீஸ் கல்வியில் ஸனத் என்று ஒன்று இருக்கிறது; யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்ற சங்கிலி. பழவேற்காட்டுப் பெண் தம் தாயிடமும், தாய் தம் மாமியிடமும் கற்ற பின்னலுக்கும் ஸனத் உண்டு. அதைச் சொல்ல வேண்டியவர் அவரே.

ஊத்துக்கோட்டையில் இத்தகைய பயிலரங்கை அமைப்பதாயின், குறைந்தது ஐந்து நாள் வேண்டும் என்பது நம் கருத்து. முதல் நாள் ராட்டை மட்டும். இரண்டாம் நாள் பாவு. அதனைத் தெருவிலேயே ஓட வேண்டும். வீட்டுக்குள் இடம் போதாமையால்தான் நெசவூர்களில் 'பாவடி' என்ற பொதுவெளி ஏற்பட்டது என்பதும், ஒரு தெருவின் அகலத்தைத் தொழில் தீர்மானித்தது என்பதும் அப்போதே விளங்கும். மூன்றாம் நாள் அவுரி. கடைசி இரண்டு நாளும் ஆற்றின் போக்கிலேயே பழவேற்காட்டுக்குச் சென்று ஓலை. பெண்கள் கற்பிக்கும் இடத்துக்கு மாணவர் செல்ல வேண்டுமேயன்றி, வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு அவர்களை இங்கு வரச்சொல்வது முறையன்று. குருத்தோலை கிடைக்கும் பருவத்தைப் பனையேறுவோரிடம் முன்கூட்டியே கேட்டு நாள் குறித்துக்கொள்ள வேண்டும். பள்ளி விடுமுறையைக் கொண்டு நாள் குறித்தால் உலர்ந்த ஓலையோடு ஏமாற நேரும்.

கூலியைப் பொறுத்தவரை ஸல்மான் (ரலி) அவர்களின் கணக்கையே அளவாகக் கொள்ளலாம். ஓலையின் விலையைப்போல் மூன்று மடங்காவது பெட்டியின் விலை முடைந்தவர் கைக்கு வர வேண்டும். இடையில் நிற்பவர்க்கு அதற்கு மேலேதான் பங்கு. கற்பிக்கும் நாளுக்குத் தனி ஊதியம், கல்லூரியில் சிறப்புரை ஆற்ற வருபவருக்குக் கொடுக்கும் அளவில். ஐந்து நாளிலும் ஒவ்வொரு படிநிலையிலும் ஒரு மாதிரியை எடுத்து, பின்னலின் பெயரை அப்பெண்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதி, கற்பித்தவர் பெயரையும் அவருக்குக் கற்பித்தவர் பெயரையும் சேர்த்துக் கட்ட வேண்டும். இரண்டு படிகள் வேண்டும்: ஒன்று ஊத்துக்கோட்டைப் பள்ளிக்கு, மற்றொன்று பழவேற்காட்டில் அதை முடைந்தவர் வீட்டுக்கு.